மறு: கிளியரன்ஸ் – ‘அனுமதி’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் விமானிக்கு வானொலியில் தரும் ‘கிளியரன்ஸ்’ (clearance) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி நம் குழுவில் ஓர் ஐயா கேட்டது:

> கிளியரன்ஸ் என்றால் அனுமதிதானே? புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பொதுப் பேச்சுக்கு அனுமதி போதும். பயிற்சி விமானிக்கான கையேட்டில் மட்டும் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் பறக்கக் கற்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன். வான்வெளியை A, B, C என்று எழுத்தால் வகை பிரித்திருக்கிறார்கள். வானொலியில் அவற்றை ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்று சொல்வார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தைச் சுற்றி இருப்பது பிராவோ வான்வெளி. கொலுப்படியைக் கவிழ்த்து வைத்தது போல, கீழே குறுகி மேலே விரிந்து 10,000 அடி வரை போகும். (வான்வெளிக்கு ‘வான்பரப்பு’ என்ற சொல் வேண்டாம் என்று நான் முன்பு சொன்னது இதனால்தான். பரப்பு என்றால் தட்டையாகிவிடுகிறது.) சான் ஹோசே, ஓக்லாந்து விமான நிலையங்களைச் சுற்றி இருப்பது சார்லி. ரீட்-ஹில்வியூ என்ற சிறு விமான நிலையத்தைச் சுற்றி டெல்டா.

பிராவோவுக்குள் நுழைய, கட்டுப்பாட்டாளர் வாயிலிருந்து “கிளியர்டு” என்ற சொல் வந்தாக வேண்டும். அரைமணி நேரமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தாலும், அது வராமல் எல்லையைத் தாண்டக் கூடாது. சார்லியும் டெல்டாவும் அப்படியல்ல. நான் கூப்பிட்டு, அவர் என் அழைப்புக்குறியை, அதாவது என் விமானத்தின் வால் எண்ணை, சொல்லிப் பதில் தந்தால் போதும். வெளியே நில் என்று சொல்லாதவரை உள்ளே போகலாம்.

ஒருநாள் தனியாகப் பறந்தபோது சான் ஹோசே சார்லியை நெருங்கிக் கூப்பிட்டேன். “கூப்பிட்ட விமானம், பொறுங்கள்” என்று வந்தது. அதில் என் அழைப்புக்குறி இல்லை. எல்லைக்கு வெளியிலேயே இடப்பக்கம் சாய்த்து வட்டமடித்தேன். இரண்டாவது வட்டம் முடியும் முன் என் வால் எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள் காதில் விழுந்தன, கூடவே அதே “பொறுங்கள்”. சாய்வை நிமிர்த்தி நேரே உள்ளே போனேன். இரண்டு பதிலிலும் அனுமதி என்ற பேச்சே இல்லை. கையேட்டில் ‘அனுமதி பெற்று நுழைக’ என்று இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரி எழுதினால், படிக்கிற பிள்ளை சார்லியில் வீணாகச் சுற்றும். அல்லது பிராவோவில் பதில் வந்ததும் நுழைந்து விதியை மீறும். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

சரி, எந்தச் சொல்? நம் குழுவில் ஓர் அம்மா முன்வைத்த ‘விடை’ அழகான சொல். விடை கொடுத்து அனுப்புவது நம் வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு விடை என்றதும் பதில்தான் நினைவுக்கு வரும். சார்லிக்கும் பிராவோவுக்கும் உள்ள வேறுபாடே பதிலுக்கும் கிளியரன்ஸுக்கும் உள்ளதுதானே! ‘செல்லாணை’ எனக்கும் தோன்றியது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், செல்லாக் காசு மாதிரி செல்லாத ஆணை என்று கேட்கிறது.

என் பரிந்துரை இசைவாணை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளுக்குத் தருவது என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான். இசைவும் உண்டு, நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டிய ஆணையும் உண்டு. கிளியரன்ஸும் அப்படித்தான், ‘இந்த உயரத்தில், இந்த வழியில்’ என்று சேர்ந்தே வரும். தரையிறங்க இசைவாணை, மேலெழ இசைவாணை என்று மற்ற இடங்களிலும் பொருந்துகிறது. சார்லி, டெல்டாவுக்கு ‘மறுமொழி’ என்று வைக்கலாம். குறியைச் சொல்லித் தரும் பதில் என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

வகை எழுத்துகளை அ, ஆ, இ ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. 1993 செப்டம்பரில் அமெரிக்காவே தன் பழைய பெயர்களை விட்டுப் பன்னாட்டு எழுத்துமுறைக்கு வந்தது. மாணவர் வானொலியில் கேட்கப்போவதும் பிராவோ, சார்லிதான்.

கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“தனியாகப் பறக்கும் மாணவர் பிராவோவுக்குள் நுழைய இசைவாணை வேண்டும். அதே பிராவோ பகுதியில் பயிற்சி தந்த பயிற்றுநரின் சான்றொப்பமும், கடந்த 90 நாளுக்குள் இட்டதாக, பறப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இவை இருந்தாலும் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாணவர் தனியாக இறங்கவோ கிளம்பவோ முடியாது. சார்லி, டெல்டாவுக்குள் நுழைய மறுமொழி போதும்.”

ஆல்ஃபாவை விட்டுவிட்டேன். 18,000 அடிக்கு மேல் மாணவருக்கு வேலை இல்லை. எக்கோவைத் தனி மடலில் எழுதுகிறேன். அது கட்டுப்பாட்டு வான்வெளிதான், ஆனால் வெளியே கண்ணால் பார்த்தே வழி கண்டு பறப்பவர் யாரிடமும் பேசாமலே நுழையலாம். ‘கட்டுப்பாடு’ என்ற சொல் அங்கே இடிக்கிறது.

இசைவாணையை வினையாக்க ‘இசைவாணை தந்தார்’ என்பதைவிடச் சுருக்கமாக ஏதாவது கிடைக்குமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்