தத்தெடுத்த 4 வயதுப் பையன், அடிபட்டாலும் எங்களிடம் வருவதில்லை. ஆர்.ஏ.டி.யா?

நிலாமுற்றம்:
காராவில் (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிந்து, ஒடிசாவிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து 8 மாதம். வயது 4. முட்டி சிராய்த்து ரத்தம் வந்தாலும் அழமாட்டான், எங்களைத் தேடி வரவும் மாட்டான். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்கிறான். தலையணை உறைக்குள் இட்லித் துண்டு, பிஸ்கட் எல்லாம் ஒளித்துவைக்கிறான். ஆனால் சிலிண்டர் போட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான். ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸார்டர் (ஆர்.ஏ.டி., வளர்ப்பவரிடம் ஒட்டுதல் வராத கோளாறு) இருக்கலாம் என்றார் டாக்டர். நல்லபடி நடந்தால் ஸ்டார் ஒட்டும் சார்ட் ஒன்றை மாட்டினோம், இரண்டே நாளில் கிழித்துப்போட்டான். வீட்டில் என்ன செய்யலாம்?

கற்பூரவல்லி:
நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வலித்தாலும் ஆறுதல் தேடாதது ஆர்.ஏ.டி. பக்கம். முன்பின் தெரியாதவர் பின்னால் போவது வேறு பிரச்சினை. 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 (மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. ருமேனியாவில் காப்பகக் குழந்தைகள் 136 பேரை வைத்து நடந்த புக்கரெஸ்ட் ஆய்வில், நல்ல வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனதும் முதல் வகை வேகமாகக் குறைந்தது. இரண்டாவது இழுத்துக்கொண்டே போனது. அதனால் வாசல் தாழ்ப்பாளை அவனுக்கு எட்டாத உயரத்தில் போடுங்கள். அதற்கு எந்தத் தெரபியும் ஈடாகாது.

முடிவு கட்டுவதற்கு முன் காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள். ஆட்டிசம் இல்லை என்று உறுதியாகாமல் ஆர்.ஏ.டி. என்று எழுதக் கூடாது. ஒடியா கேட்டு வளர்ந்தவன் தமிழ் வீட்டுக்குள் வந்திருக்கிறான். பசி, வலி, தண்ணீர், பயம், இந்த நாலுக்கும் ஒடியாச் சொல்லை நீங்கள் கற்றுக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தத்தெடுப்பு ஏஜென்சி தந்த குழந்தை ஆய்வறிக்கையில் எத்தனை இடம் மாறியிருக்கிறான் என்றும் பாருங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

சுக்குக்காப்பி:
சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். இறுக்கமான மூடி போட்ட டப்பா ஒன்று, அவன் கைக்கு எட்டும் தட்டில். உள்ளே 2 பிஸ்கட், கொஞ்சம் பொரி, ஒரு வாழைப்பழம். அவன் பார்க்கும்போதே நிரப்புங்கள், அதுதான் முக்கியம். காலியானால் ‘ஏன் தின்னே’ என்று கேட்காமல் திரும்ப நிரப்புங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொடுங்கள். ஒளித்துவைத்ததைத் தேடிப்பிடித்துத் திட்டினால் இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளிப்பான். ஃபிரிட்ஜைப் பூட்டினாலும் அதே கதைதான்.

அடிபட்டால் அவன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள் போங்கள். உட்கார்ந்து, அவன் கண்மட்டத்துக்குக் கீழே இருந்து, ‘வலிக்குதா கண்ணா, ஊதிவிடவா’ என்று கேட்டு பேண்ட் எய்ட் ஒட்டுங்கள். தட்டிவிட்டால் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே இருங்கள். அழுதால் ஆள் வரும் என்பதே அவனுக்குப் பழக்கமில்லை.

சார்ட்டைத் தூக்கிப்போடுங்கள். உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான் ஸ்டார் வேலை செய்யும். அதற்குப் பதில் தினமும் 15 நிமிஷம் தரையில் உட்கார்ந்து அவன் விளையாட்டுக்குப் போங்கள். கேள்வி கேட்காதீர்கள், சொல்லித்தராதீர்கள். ‘லாரி மேல லாரி ஏறுது’ என்று நடப்பதை மட்டும் சொன்னால் போதும். ரூமில் தனியாக அடைக்கும் தண்டனை வேண்டாம். கத்தும்போது கை எட்டும் தூரத்தில் பேசாமல் உட்காருங்கள்.

இன்னொன்று: நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிற ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’, ‘பூச்சாண்டிகிட்ட கொடுத்துடுவேன்’ இரண்டையும் சொந்தபந்தம் எல்லார் வாயிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை கைமாறின குழந்தைக்கு அது விளையாட்டு இல்லை.

காட்டுமல்லி:
திமிறினாலும் விடாமல், அழுது ஓயும்வரை கட்டிப்பிடித்துக்கொண்டால் ஒட்டிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேனே?

கற்பூரவல்லி:
தயவுசெய்து வேண்டாம். 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில், இதேபோல ஒட்டுதல் வரவைக்கும் தெரபி என்று சொல்லி, தத்தெடுத்த 10 வயதுச் சிறுமியைப் போர்வையில் சுற்றி மேலே அழுத்தினார்கள். மூச்சு முட்டி இறந்துபோனாள். மறுவருஷம் அந்த மாநிலம் அந்த முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. உயிருக்கு ஆபத்து வராத அளவில் செய்தாலும், பெரியவர் தொட்டால் தப்பிக்க முடியாது என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். தொட்டுப் பழக்க எண்ணெய்க் குளியல் போதும். முதலில் அவன் கையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி உங்கள் கையில் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு ‘நான் தேய்க்கவா’ என்று கேட்டு உள்ளங்கை, பாதம். தலை கடைசியில், அதுவும் அவன் தலையாட்டினால் மட்டும்.

ஆர்.ஏ.டி.க்கு என்று தனி மாத்திரை கிடையாது. யாராவது எழுதினால் எதற்காக என்று கேளுங்கள். தெரபி என்றால் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் வகையாக இருக்க வேண்டும், உங்களை வெளியே உட்காரவைப்பதாக இருக்கக் கூடாது. ஆள் கிடைக்கும்வரை அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். தத்தெடுத்த பிறகு இரண்டு வருஷத்துக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்சி ஃபாலோ-அப் வருமே, அதில் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். அது பரீட்சை இல்லை, கவுன்சலிங் வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.

நிலாமுற்றம்:
டப்பா இன்றைக்கே வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மாமியார் வந்து 10 நாள் இருப்பார். அவர் ஊட்டிவிடலாமா?

சுக்குக்காப்பி:
இப்போதைக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது நீங்கள் இரண்டு பேர் மட்டும். அத்தை சமைக்கட்டும், கதை சொல்லட்டும். அவரிடம் பசிக்குது என்று வந்தால் ‘வா, அம்மாகிட்ட கேப்போம்’ என்று கைபிடித்து உங்களிடம் கூட்டிவரச் சொல்லுங்கள். காரணத்தை முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவிடுங்கள், வந்த இடத்தில் சொன்னால் மனசு சங்கடப்படும்.