கையெழுத்துள்ள நீர்வண்ண ஓவியம்: அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வணக்கம் நண்பர்களே. பெரியப்பா விட்டுச்சென்ற பொருட்களில் ஒரு நீர்வண்ண ஓவியம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து தலை பின்னும் ஒரு பெண். வலது கீழ் மூலையில் கையெழுத்து. முதல் எழுத்து மட்டும்தான் புரிகிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சுப் படத்தில் வரும் ஒழுங்கான புள்ளிகள் இல்லை. வண்ணம் காகிதத்தின் சொரசொரப்பில் தேங்கி, ஓரங்களில் அடர்ந்து காய்ந்திருக்கிறது. கன்னத்துக்கு அடியில் பென்சில் கோடுகூடத் தெரிகிறது. அதனால் கையால் வரைந்ததுதான் என்று நம்புகிறேன். ஆனால் வண்ணமெல்லாம் மங்கியிருக்க, கையெழுத்து மட்டும் பளிச்சென்று கறுப்பாக இருக்கிறது. இதுதான் உறுத்துகிறது. பின்னாளில் யாராவது சேர்த்திருப்பார்களோ?

காகிதத்தில் நீர்க்குறி (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும், காகிதம் செய்தவரின் அடையாளம்) இருக்கிறதா என்று பார்க்கச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். புற ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால் 1950-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்ததாக இருக்கலாம் என்பதால் அதையும் சோதிக்க ஆசை. நானே பிரிக்கலாமா, நிபுணரிடம் விடுவதுதான் சரியா? ஓவியம் பின்னட்டையோடு ஒட்டியிருந்தால் கிழிந்துவிடுமே என்று பயம்.

அப்புறம், வாங்கி விற்காமல் மதிப்பீடு மட்டும் செய்பவரை எப்படித் தேடுவது? விற்கும் எண்ணம் இல்லை. வரைந்தவர் யாரென்று தெரிந்தால் போதும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கையெழுத்தின் படத்தைப் போடுகிறேன்.