ரூதர்ஃபோர்டு அணு மாதிரியின் இரண்டாவது குறையைச் செய்து காட்ட உதவி தேவை

வாலிநோக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ரூதர்ஃபோர்டு 1911இல் முன்வைத்த அணு மாதிரியின் குறைகளில் இரண்டு வாரமாக நிற்கிறோம். அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் முடுக்கமடைவதால், பழைய மின்காந்தக் கொள்கைப்படி ஆற்றலை ஒளியாக இழந்து, நொடியின் பத்தாயிரம் கோடியில் ஓரிரு பங்குக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும் என்பதைக் குறுக்காக அறுத்த சங்கின் சுருளைக் காட்டியே புரியவைத்துவிட்டேன். சிக்கல் அடுத்த குறையில்தான். அப்படிச் சுருண்டு விழும் எலக்ட்ரானின் அதிர்வெண் இடைவிடாமல் மாறுவதால் நிறங்கள் இடைவெளியின்றிப் பரவிய தொடர் நிறமாலை வரவேண்டும். உண்மையில் அணுக்கள் தருவதோ தனித்தனிக் கோடுகள். கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டோம் என்கிறார்கள், அது நியாயம்தான்.

உப்பளத்துக் கல்லுப்பைப் பொடித்து ஸ்பிரிட் விளக்கின் திரியில் தூவி, அட்டைப்பெட்டிக்குள் சாய்த்து ஒட்டிய பழைய சிடித் துண்டின் வழியாகப் பார்த்தோம். 589 நானோமீட்டர் அருகே மெல்லிய கோடாக வரவேண்டிய சோடியத்தின் மஞ்சள், விரல் அகலப் பட்டையாகக் கலங்கித் தெரிகிறது. இரண்டு பிளேடுகளை நெருக்கி, பெட்டிக்குள் ஒளி நுழையும் பிளவைக் குறுக்கினால், கோடு கூர்மையாவதற்குள் மங்கிவிடுகிறது. கடற்காற்றில் சுடரும் நிற்பதில்லை. எல்இடி விளக்கோ ரூதர்ஃபோர்டுக்குச் சாட்சி சொல்வதுபோலத் தொடர் பட்டையையே காட்டுகிறது.

ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் எந்த விளக்கை, எவ்வளவு பிளவு அகலத்தில் வைத்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரியும்?