முடியாதவர் குடியிருந்தால் சுமை யாருக்கு?

மாடிவீட்டுக்காரர்
கொஞ்சம் கோபத்துடன்தான் எழுதுகிறேன். என் வீட்டு மேல்தளத்தில் ஒரு முதியவர் தனியாகக் குடியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் சில மாதங்களாக வாடகை வரவில்லை. அடுப்பை அணைக்காமல் தூங்கிவிடுகிறார். காலி செய்யச் சொல்லப் போகிறேன் என்றதும் அவருடைய உறவினர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு மாத வாடகையைக் கட்ட முன்வரவில்லை. வீட்டுக்கடன் தவணை எனக்காகக் காத்திருக்குமா? முதியவரையும் நோயாளியையும் தாங்குவது அரசின் கடமை. அதைத் தனி ஆள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

களப்பணியாளர்
வாடகைப் பாக்கி விழுந்த வீடுகளுக்குப் போய்க் குடியிருப்பவருக்கு உதவுவதுதான் என் வேலை. பல வீடுகளில் கதவைத் தள்ளினால் பாதியில் நின்றுவிடும். பின்னால் பிரிக்காத உறைகள் குவிந்து கிடக்கும். அப்படி ஒரு குவியலின் அடியில் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய படிவம் கிடைத்தது. அதை நிரப்பி அனுப்பாததால் அந்த அம்மாவுக்கு ஓய்வூதியமே நின்றுபோயிருந்தது. எழுத்துகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். படிவம் போய்ச் சேர்ந்ததும் பணம் வந்தது, பாக்கியும் தீர்ந்தது. நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸும் அதே மாதிரிக் குவியலில்தான் விழும் ஐயா.

மாடிவீட்டுக்காரர்
இருக்கலாம். ஆனால் இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை. சரி, ஏதோ பிரச்சினை என்று ஊகித்துவிட்டேன், யாரைக் கூப்பிடுவது? நீங்கள் சொல்லும் களப்பணியாளர் என் வீட்டு வாசலுக்கு எப்போது வருவார்? வழக்குப் போட்ட பிறகா?

சட்டம் படித்தவர்
வழக்குப் போட்ட பிறகாவது வர வேண்டும் என்று ஜெர்மனி சட்டமே எழுதிவைத்திருக்கிறது. வாடகைப் பாக்கிக்காக வெளியேற்ற வழக்கு வந்தால், நீதிமன்றமே சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். யார், எவ்வளவு பாக்கி என்ற விவரம் எல்லாம் அதில் போகும். வீடு பறிபோகும் நிலை என்றால் அந்த அலுவலகம் பாக்கியைத் தானே கட்டலாம், கடனாகவும் கொடுக்கலாம். வீட்டுக்காரருக்குப் பணம் வருகிறது, குடியிருப்பவருக்கு வீடு மிஞ்சுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் வேறொரு வழி. கடனில் சிக்கியவருக்கு 60 நாள் அவகாசம். மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவர் என்றால் சிகிச்சை முடிந்து மேலும் 30 நாள் வரை. அதற்குள் பழைய பாக்கிக்காக நெருக்கக் கூடாது. ஆனால் நடப்பு வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும்.

கணக்குப்பிள்ளை
அவகாசம் கொடுப்பது சுலபம், அந்த அவகாசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் வாடகைக் கட்டுப்பாட்டைச் சிறிய கட்டடங்களுக்கும் நீட்டினார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்கள் நிலைத்தார்கள், உண்மைதான். ஆனால் கட்டுப்பாட்டுக்குள் வந்த உரிமையாளர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் பொருளாதார ஆய்வு காட்டியது. பெர்லின் 2020இல் வாடகைக்கு உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இடைப்பட்ட காலத்தில் வாடகைக்கு வீடு தேடி வந்தவர்கள் திண்டாடினார்கள்.

எளிதில் வெளியேற்ற முடியாது என்றால் வீட்டுக்காரர் வாசலிலேயே சலித்து எடுப்பார். முதியவர், நோயாளி, நிலையான சம்பளம் இல்லாதவர் எல்லாரும் சல்லடையில் தங்கிவிடுவார்கள். நல்லெண்ணச் சட்டங்கள் உள்ளே இருப்பவரைக் காத்து, வெளியே நிற்பவரை மறந்துவிடுகின்றன.

நாற்காலியில் நகர்பவள்
அந்த வெளியே நிற்பவள் நான்தான். உங்கள் சல்லடையை எனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. போனில் "உடனே வந்து பாருங்கள்" என்பார்கள். சக்கர நாற்காலியைக் கண்டதும் வீடு நேற்றே முடிந்துவிட்டது என்பார்கள். இப்போது இருக்கும் வீட்டில் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்த அனுமதி கேட்டேன். செலவு என்னுடையது, போகும்போது கழற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். "டைல்ஸ் விரிசல் விடும்" என்று பதில் வந்தது. விழுந்தால் எனக்கு விரிசல் விடாதா?

களப்பணியாளர் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வரும் நாளில் மாத்திரை டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறேன். நீங்களும் அவரும் என் உடல்நிலையைப் பற்றிப் போனில் பேசிக்கொள்வதற்கு ஆதரவு என்று பெயர் வைக்காதீர்கள்.

களப்பணியாளர்
கோபம் நியாயமானது அம்மா. எங்களிடம் எழுதாத விதி ஒன்று உண்டு. குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் நோயின் பெயர் வாயிலிருந்து வராது. வீட்டுக்காரரிடம் சொல்வது இரண்டே விஷயம்: பாக்கி எப்போது தீரும், கேள்வி இருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். எழுதிய விதியாக அது இருக்க வேண்டும் என்றால் நானும் கை தூக்குகிறேன்.

அடுப்பு விஷயத்துக்கும் வழி இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் தானே அணையும் கருவி கிடைக்கிறது. அதைப் பொருத்தும் முன் முதியவரிடம் கேட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

மாடிவீட்டுக்காரர்
அடுப்பு சரி. பணத்துக்கு வருவோம். சட்டம் படித்தவர் சொல்வதெல்லாம் வாடகைதாரருக்கு மட்டும்தானா? வீட்டுக்காரனும் முதியவனாக இருந்தால்?

சட்டம் படித்தவர்
பிரான்சில் அதையும் யோசித்திருக்கிறார்கள். 65 வயதைக் கடந்த, வருமானம் குறைந்த வாடகைதாரரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தால், அருகிலேயே அவருக்கு ஏற்ற வேறு வீட்டைக் காட்ட வேண்டும். வீட்டுக்காரரே 65ஐக் கடந்தவர் அல்லது வருமானம் குறைந்தவர் என்றால் அந்த நிபந்தனை இல்லை.

கணக்குப்பிள்ளை
பிரான்சைச் சொல்வதென்றால் 'விசால்' திட்டத்தைச் சொல்லுங்கள். வாடகை வராவிட்டால் வீட்டுக்காரருக்குத் திட்டமே கொடுத்துவிட்டு, பிறகு வாடகைதாரரிடம் தவணையில் வசூலிக்கும். 2016 முதல் நடக்கிறது. தடைச் சட்டங்களைவிட இப்படியொரு ஜாமீன் நூறு மடங்கு மேல். வீட்டுக்காரருக்குப் பயம் போனால் சல்லடையும் போகும்.

சட்டம் படித்தவர்
அந்தத் திட்டத்தை நடத்துவது நிறுவனங்கள் கட்டும் பங்களிப்பில். அதனால் இளைஞர்களுக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஓய்வுபெற்றவர் அதில் வர மாட்டார். நாம் பேசிக்கொண்டிருக்கும் முதியவர் உங்கள் ஜாமீனுக்கு வெளியே நிற்கிறார், கவனியுங்கள்.

கணக்குப்பிள்ளை
அப்படியென்றால் பின்லாந்து. அங்கே 1985இல் தொடங்கிய 'ஒய்' அறக்கட்டளை சாதாரணச் சந்தையிலேயே வீடுகளை வாங்கி, வீடில்லாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. ஒப்பந்தம் குடியிருப்பவரின் பெயரில். வாங்கப் பணம் இல்லாத ஊரில் வீட்டை மொத்தக் குத்தகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விடலாம். வீட்டுக்காரருக்கு மாதம் தவறாமல் பணம், ஆதரவு வேலை அமைப்பின் பாடு.

மாடிவீட்டுக்காரர்
இப்படி ஓர் அமைப்பு வந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன். ஒரே நிபந்தனை, வீட்டைக் குத்தகைக்கு எடுத்த அதே நிலையில் திருப்பித் தர வேண்டும்.

நாற்காலியில் நகர்பவள்
அதே நிலையில் என்றால் குளியலறைக் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டா?

மாடிவீட்டுக்காரர்
கைப்பிடி இருக்கட்டும் அம்மா. சுவரில் துளை போடும் முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிரானைட் பக்கம் மட்டும் வேண்டாம்.