மீட்கப்பட்ட 9 வயசு லாப்ரடார்: நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் எப்படிப் பார்த்துக்கிறது?

மொட்டைமாடி:

மேடவாக்கம் பக்கம் பழைய கழுத்துப்பட்டையோட அலைஞ்சிட்டு இருந்த பெண் லாப். மீட்ட தன்னார்வலர், நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும்னு எங்க வீட்ல விட்டிருக்காங்க. இன்னைக்கு நாலாவது நாள். வயசு 8, 9 இருக்கும்னு டாக்டர் சொன்னார். எடை 24 கிலோ, விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கு. ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு 68,000தான். உண்ணிக் காய்ச்சல்னு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதியிருக்கார். கருத்தடை ஆனதான்னு தெரியல. வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல, தரை முழுக்க டைல்ஸ்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க:

மாத்திரை போட்ட அரை மணி நேரத்துல வாந்தி எடுக்குது. ராத்திரி படுத்த இடத்துலயே ஈரம் இருக்கு. படி இறங்க மறுக்குது, பின்னங்கால் வழுக்குது. கடைசியா ஒண்ணு, வயசான நாயை யாராவது எடுப்பாங்களா? இப்பவே விளம்பரம் போடலாமா?

வேப்பமரம்:

வெறும் வயித்துல குடுத்தா வாந்திதான் வரும். சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க. தயிர்சாத உருண்டைக்குள்ள வெச்சா சத்தமில்லாம போயிடும். டைல்ஸுக்கு யோகா மேட் வாங்கிப் போடுங்க.

சொட்டுமருந்து:

வேப்பமரம் சொன்னதுல சாப்பாட்டுக்கு அப்புறம்ங்கறது சரி. தயிர்சாதம் வேண்டவே வேண்டாம். பால், தயிர், பனீர் எல்லாத்துலயும் இருக்கிற சுண்ணாம்புச் சத்து டாக்ஸிசைக்ளினைப் பிடிச்சு வெச்சுக்கும், மருந்து ரத்தத்துல சேர்றது குறையும். நம்ம ஊர்ல நாய்க்கு உடம்பு சரியில்லன்னா முதல்ல வர்றதே தயிர்சாதம்தான், அதனாலதான் அழுத்திச் சொல்றேன். வேகவெச்ச சிக்கன் துண்டுக்குள்ள வையுங்க. விழுங்கினதும் ஊசி இல்லாத சிரிஞ்சால 10 மில்லி தண்ணியை வாய் ஓரமா விடுங்க. மாத்திரை உணவுக்குழாய்லயே ஒட்டிக்கிட்டா அங்கே புண்ணாகும், அப்புறம் சாப்பாட்டையே வெறுத்துடும். வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம். உங்க நாய்க்கு 240 கிட்ட வரும். அதை ரெண்டு வேளையாப் பிரிச்சுக் குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, பிரிச்சாலே பல நாய்களுக்கு வாந்தி நின்னுடும்.

ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கி சாப்பாட்டு ஆசை வரணும். வரலன்னா பேபீசியாங்கற ரத்த ஒட்டுண்ணியும் சேர்ந்திருக்கான்னு பார்க்கணும். அதுவும் உண்ணி மூலமா வர்றதுதான், ஆனா டாக்ஸிசைக்ளின் மட்டும் அதுக்குப் போதாது. கண்ணாடியில ரத்தத்தைப் பூசி மைக்ராஸ்கோப்ல பார்த்து, தேவைப்பட்டா கிருமியோட மரபணுவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட் எடுப்பாங்க. தினமும் ஈறைத் தூக்கிப் பாருங்க, வெளுத்திருக்கான்னு. அடிவயித்துல குண்டூசித் தலை அளவு சிவப்புப் புள்ளி, மூக்குல ரத்தம், கறுப்பு மலம் எது தெரிஞ்சாலும் அன்னைக்கே கிளம்புங்க. நாய்க்குச் சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல்னு முடிவு பண்ணாதீங்க. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாய்ல வெச்சுத்தான் பார்க்கணும்.

ரொம்ப முக்கியம்: நடக்கச் சிரமப்படுதேன்னு வீட்ல இருக்கிற வலி மாத்திரை எதையும் குடுத்துடாதீங்க. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டும் நாய்க்கு இரைப்பைல ஓட்டை போடும், கிட்னியைக் கெடுக்கும். தட்டணு 68,000ல இருக்கிறப்போ ரத்தக் கசிவும் சேர்ந்துக்கும்.

மருந்து மட்டும் குடுத்து உண்ணியை விட்டா திரும்பவும் முதல்ல இருந்துதான். நம்ம ஊர் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தும். ரத்தம் குடிச்சு உப்பின பெட்டை கீழே இறங்கி, சுவர் விரிசல்லயும் கட்டில் இடுக்குலயும் ஆயிரக்கணக்குல முட்டை போடும். அதனால ஷாம்பூ போதாது. ப்ரவெக்டோ 12 வாரத்துக்கு ஒண்ணு, நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா மாதிரி மாத்திரைகள் மாசம் ஒண்ணு. வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை ஆகாது. உங்க நாயோட பழைய கதை தெரியாததால, முதல் மாத்திரையை வீட்ல ஆள் இருக்கிற நாள் காலைல குடுங்க. விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீர்ல துவைக்கணும். கண்ல படுற உண்ணியைத் தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க. மண்ணெண்ணெய், கற்பூரம் எல்லாம் வேண்டாம், நகத்தால நசுக்கவும் வேண்டாம்.

இப்போ ஈரம். இதை "வயசாயிடுச்சு, அதான்" னு விட்டுடாதீங்க. நாய் முழிச்சிருக்கும்போது அடிக்கடி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாப் போனா சிறுநீர்த் தொற்றா இருக்கலாம். தூக்கத்துல தன்னை அறியாம கசிஞ்சா, சிறுநீரைப் பிடிச்சு வெக்கிற சுருக்குத்தசையோட தளர்ச்சி. இது கருத்தடை ஆன பெண் நாய்ங்ககிட்ட அதிகம், மாத்திரைக்கு நல்லாவே கேட்கும். குளமாப் போனா குடிக்கிற தண்ணியை அளக்கணும். காலைல 3 லிட்டர் அளந்து ஊத்தி, மறுநாள் அதே நேரத்துல மிச்சத்தை அளங்க. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல போனா, அதாவது உங்க நாய்க்கு 2.4 லிட்டர் தாண்டினா, கிட்னி, சர்க்கரை, கருப்பைச் சீழ்னு தேட வேண்டியிருக்கும். எந்தக் காரணத்துக்கும் தண்ணியை மறைச்சு வெக்காதீங்க.

பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிக்க ஒரு வழி: பழைய குழிக்கரண்டியைக் குச்சியில கட்டிக்கிட்டு, காலைல முதல் தடவை உட்கார்றப்போ பின்னாலிருந்து நீட்டுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போயிடணும், இல்லன்னா ஃபிரிட்ஜ்ல வையுங்க. தொற்று மட்டும் இல்லாம அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்க. 1.030க்கு மேல இருந்தா கிட்னி சிறுநீரைச் சரியா அடர்த்தியாக்குதுன்னு ஓரளவு நிம்மதி.

கருத்தடை தெரியலன்னீங்க. வயித்து நடுக்கோட்டுலயும் விலாவுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் முடியை மழிச்சுத் தழும்பு தேடலாம், ஆனா அல்ட்ராசவுண்டுதான் உறுதி. ஆகலன்னா கருப்பைச் சீழ் அபாயம் உண்டு. தீட்டு முடிஞ்ச ஒண்ணு ரெண்டு மாசத்துலதான் பெரும்பாலும் வரும். நிறையத் தண்ணி குடிக்கும், சோர்ந்து படுத்துடும், பின்பக்கம் நாத்தமான கசிவு இருக்கலாம், சில சமயம் வெளியே ஒண்ணுமே தெரியாது. அது வந்தா உடனே ஆபரேஷன், காத்திருக்கிற பேச்சே இல்ல. அது இல்லன்னா வரிசை இப்படி: 28 நாள் மருந்து முடியட்டும், ரத்தம் திரும்பப் பாருங்க, தட்டணு ஏறினதும் கருத்தடை. அந்த மயக்கத்துலயே பல்லையும் சுத்தம் பண்ணிடலாம். அஞ்சு ஜோடி முலைக்காம்பையும் விரலால உருட்டிப் பாருங்க, பட்டாணி அளவுக் கட்டி இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

தனியார்ல செலவு கட்டுப்படியாகலன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. காலைல சீக்கிரம் போங்க, வாய்ப்பூட்டும் ஒரு பழைய போர்வையும் கையில இருக்கட்டும்.

கோணிப்பை:

மருத்துவம் சொல்லிட்டாங்க, நான் வீட்டு வேலையைச் சொல்றேன்.

சாப்பாடு. எலும்பும் தோலுமா வந்த நாய்க்குப் பாவம்னு முதல் நாளே தட்டு நிறைய வைக்கக் கூடாது. ரத்தத்துல பாஸ்பரஸ் திடீர்னு இறங்கி ஆபத்தாகும். 24 கிலோ உடம்புக்கு ஓய்வா இருக்கவே ஏறக்குறைய 760 கலோரி வேணும். முதல் நாள் அதுல பாதி, நாலு வேளையா. அஞ்சாவது நாள் முழு 760. அப்புறம் மெதுவா 1,050 வரைக்கும் ஏத்துங்க. 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள உலர் தீவனம்னா கணக்கு 110 கிராம், 215 கிராம், 300 கிராம்னு வரும். வீட்டுச் சாப்பாடுன்னா சாதமும் சிக்கனும் சம எடை, கூட பூசணிக்காய். வெங்காயம் பூண்டு விழுந்த சாம்பார், குழம்பு ஒரு கரண்டி கூட வேண்டாம், சிவப்பணுவை உடைக்கும். திராட்சையும் ஆகாது. வாரம் ஒரு தடவை கிளினிக் தராசுல எடை பாருங்க. 27, 28 வந்ததும் அளவைக் குறைங்க. லாப் தானா நிறுத்தாது!

தரை. யோகா மேட் சரிதான், ஆனா நகத்துல கிழியும், ஓரம் சுருளும். அடியில ரப்பர் போட்ட மிதியடிகளை, படுக்கை, தண்ணி, வாசல் மூணையும் இணைக்கிற பாதையா போடுங்க. நடுவுல ஒரு அடி இடைவெளி விட்டாலும் நாய் அங்கேயே நின்னுடும். பாத அடியில விரலுக்கு நடுவே வளர்ந்த முடியை வெட்டுங்க, பாதி வழுக்கல் அதனாலதான். நடக்கும்போது டைல்ஸ்ல டக் டக்னு சத்தம் கேட்டா நகமும் நீளம்.

படி. பழைய வேட்டியை நீளவாக்குல நாலா மடிச்சு, பின்னங்காலுக்கு முன்னால அடிவயித்துல கொடுத்து, ரெண்டு முனையையும் மேலே ஒரே கையில பிடிங்க. தூக்க வேண்டாம், எடையைத் தாங்கினாப் போதும். முன்னால கைப்பிடி உள்ள மார்புப்பட்டை. இறங்கும்போது ஆள் ஒரு படி கீழே நிக்கணும். ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல ஏத்தி இறக்காதீங்க. இடையில பால்கனியில மண் கொட்டின அகலத் தட்டு வையுங்க, அதோட சிறுநீர் நனைஞ்ச துணியை அதுல ஒரு தடவை போட்டு வெச்சா புரிஞ்சுக்கும். கடைசி நடை ராத்திரி பத்தரைக்கு.

படுக்கை நாலு அங்குல ஃபோம், மேலே ரெக்சின் உறை, அதுக்கு மேல பழைய பெட்ஷீட். ஈரமானா பெட்ஷீட் மட்டும் மாத்தினாப் போதும்.

முதல் மூணு வாரம் கழுத்துப்பட்டை, மார்புப்பட்டை ரெண்டுலயும் தனித்தனி கயிறு. தப்பி ஓடுறது பெரும்பாலும் கேட் திறக்கிற நொடியிலயும் ஆட்டோல இருந்து இறங்குறப்பவும்தான். வெடிச்சத்தம் கேட்டா சாதுவான கிழநாய் கூட கயிற்றை உருவிட்டுப் போகும்.

மொட்டைமாடி:

நன்றி நன்றி. கரண்டி யோசனை வேலை செஞ்சது, மாதிரி குடுத்தாச்சு. மாத்திரையும் சிக்கன்ல நிக்குது. தன்னார்வலர் வாட்ஸாப்ல ஒரு போட்டோ போட்டதுக்கே ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தர், "பேப்பர் இருக்கா, ஆபரேஷன் பண்ணலைல்ல?" ன்னு கேட்கறார். குடுக்கலாமா?

மூணாங்கேட்:

குடுக்காதீங்க. ஒன்பது வயசுப் பெட்டைக்கு வம்சாவளிப் பேப்பரும் கருத்தடையும் விசாரிக்கிறவர் குட்டிக்குத்தான் அலையறார். கருத்தடை முடியாம இந்த நாய் கைமாறவே கூடாது.

அதுக்கு முன்னால ஒண்ணு. கழுத்துப்பட்டையோட வந்திருக்கு, தொலைஞ்ச நாயா கூட இருக்கலாம். தோலுக்கு அடியில அடையாள மைக்ரோசிப் இருக்கான்னு டாக்டர்கிட்ட ஸ்கேனரை ரெண்டு தோளுக்கு நடுவிலும், கழுத்தின் ரெண்டு பக்கமும், முன்னங்கால் மேல் வரைக்கும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. சிப் சில சமயம் நகர்ந்திருக்கும். 15 இலக்க எண் வந்தா அதை வெச்சுத் தேடலாம். கண்டெடுத்த அறிவிப்புல ஒரு அடையாளத்தை மறைச்சு வையுங்க, பட்டையோட நிறமோ உடம்புல உள்ள தழும்போ. உரிமைன்னு வர்றவர் அதைச் சொல்லணும், பழைய போட்டோ காட்டணும். வேணும்னே விட்டவங்கன்னு தெரிஞ்சா, பட்டினி கிடக்கிற நிலையில கைவிடுறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய்! சிரிக்காதீங்க, இதுதான் சட்டம்.

எடுப்பாங்களான்னு கேட்டீங்க. எடுப்பாங்க, நாள் ஆகும். குட்டி தேடுறவங்களைத் துரத்தாதீங்க, வயசான நாய்தான் வேணும்னு வர்றவங்க தனி. பிள்ளைங்க வெளியூர் போன வீடு, ஏற்கனவே ஒரு நாய் கிழமாகிப் போன வீடு. அவங்க பயப்படுறது வயசுக்கு இல்ல, தெரியாத செலவுக்கு. அதனால இப்போ போட்டோ மட்டும் எடுத்து வையுங்க, விளம்பரம் ரெண்டாவது ரத்தப் பரிசோதனை வந்தப்புறம். போட்டோ காலை வெயில்ல, தரையில உட்கார்ந்து அதோட கண்மட்டத்துல. பக்கவாட்டுல நிக்கிற ஒண்ணு, படியில இறங்குற 10 வினாடி வீடியோ. வாசகம் இந்த மாதிரி:

"பெண் லாப், சுமார் 9 வயசு, 27 கிலோ. கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆச்சு. உண்ணிக் காய்ச்சல் மருந்து முடிஞ்சு தட்டணு சரியாயிடுச்சு. ஒரு மாடி ஏறும், ரெண்டாவதுக்கு அடிவயித்துல துணி கொடுத்துப் பிடிக்கணும். தனியா 4 மணி நேரம் இருக்கும். பூனையைக் கண்டா இழுக்கும். தரைத்தளம் அல்லது லிஃப்ட் உள்ள வீடு வேணும்."

இழுக்கும்ங்கறதையும் எழுதணும், மறைச்சா பத்தாவது நாள் திரும்பி வரும். கண் நீலமா மங்கலாத் தெரிஞ்சா குருடுன்னு எழுதிடாதீங்க. வயசான நாய்களுக்கு விழியாடி, அதாவது கண் லென்ஸ், தடிச்சு வர்ற நீலம் பார்வையைக் கெடுக்காது. பால் வெள்ளையா இருந்தாத்தான் கண்புரை.

கேட்டு வர்றவங்ககிட்ட: வாடகை வீடுன்னா ஓனர் சம்மதம் எழுத்துல இருக்கா, பகல்ல யார் வீட்ல, ஊருக்குப் போனா எங்கே விடுவீங்க, எந்த டாக்டர்கிட்ட காட்டுவீங்க. நேர்ல போய் கேட், மொட்டைமாடிக் கதவு, தரை மூணையும் பாருங்க. அசோசியேஷன் தடைன்னு யாராவது சொன்னா, விலங்குகள் நல வாரியம் 2015ல குடுத்த வழிகாட்டுதல்படி குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணிக்குத் தடை போட முடியாது. சண்டைக்கு முன்னால தடுப்பூசிச் சான்றைக் காட்டுங்க, பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும்.

தன்னார்வலர்கிட்ட இன்னைக்கே எழுத்துல வாங்குங்க: மருத்துவச் செலவு யாருது, ராத்திரி அவசரம்னா எவ்வளவு வரைக்கும் கேட்காம செலவழிக்கலாம், வீட்டை முடிவு பண்றது யார், உங்களால முடியலன்னா எத்தனை நாள்ல திரும்ப எடுத்துப்பாங்க. இதெல்லாம் பேசாம விட்டு, ஆறு மாசம் கழிச்சு மனஸ்தாபத்துல முடியற இடம் இதுதான்.

குடுக்கும்போது முதல்ல ரெண்டு வார ஒப்பந்தம் போடுங்க. அவங்க துவைக்காத பெட்ஷீட்டையும், ஒரு வாரத் தீவனத்தையும், எந்த மருந்து எத்தனை மணிக்குங்கற தாளையும், நீங்க சொல்ற சொற்களையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். "வா", "போலாம்", "இரு" ன்னு பழகின நாய்கிட்ட புது வீட்ல இங்கிலீஷ் பேசினா முழிக்கும். சென்னைல மாநகராட்சி உரிமம் கட்டாயம், தடுப்பூசிச் சான்றும் சிப்பும் கேட்பாங்க. ரெண்டு வாரம் தாண்டினதும் சிப் பதிவையும் உரிமத்தையும் அவங்க பேருக்கு மாத்திட்டு, அதுக்கப்புறம் உங்க போன் நம்பர் போட்ட பதக்கத்தைக் கழட்டுங்க.