கதிர்பட்ட எக்ஸ்எல்பிஇ தகட்டில் டான் டெல்டா நிலைக்கவில்லை: யோசனை தேவை

வணக்கம். 1 மி.மீ. எக்ஸ்எல்பிஇ (மின்வடக் காப்புக்கான குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன்) தகடுகளைக் கோபால்ட்-60 காமா கதிரில், காற்றில், மணிக்கு 5 கிலோகிரே (கிரே என்பது உட்கொண்ட கதிரளவின் அலகு) வீதம் 200 கிலோகிரே வரை வைக்கிறோம். பிறகு 135 டிகிரியில் 7 நாள் சூட்டடுப்பு. ஒரே தகட்டில் வெட்டிய துண்டுகளுக்கே 50 ஹெர்ட்ஸ் டான் டெல்டா (காப்பில் வீணாகும் மின்னாற்றலைக் காட்டும் அளவு) ஒத்துவரவில்லை. குறுக்கே சீவிப் பார்த்தால் ஓரம் மட்டும் தேன்நிறம்; அகச்சிவப்பு அலைமாலையில் 1720 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய, ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும் கார்போனைல் முகடும் அங்கேதான். கதிர்வீதம் அதிகமானதால் ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேரவில்லை என்பதே என் கணிப்பு. ஆக்சிஜனேறிய மேல்தோல் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வெற்றிடத்தில் உலர்த்தியே அளக்கிறோம்.

மணிக்கு 100 கிரேக்குக் குறைத்தால் 2000 மணிநேரம், அதாவது 83 நாள் ஆகும். அதற்குப் பதில் 0.2 மி.மீ. படலம் போதுமா? படிகப் பகுதியில் சிக்கிய தனியுறுப்புகள் (கதிரால் உண்டாகும், எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) அடங்க, அளப்பதற்குமுன் எத்தனை நாள் விடுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.