கனடாவுல திவால் போடறதுக்கு முன்னாடி ஊர்க்கணக்கையும் எடுத்து வைங்க
(பேருக்குப் பதிலா சொந்த ஊரும், இப்ப இருக்கற கனடா ஊரும்)

பெருந்துறை – பிராம்ப்டன்:
அக்கா, இங்க வந்து மூணு வருஷம் ஆச்சுங்க. மூணு கிரெடிட் கார்டு, ஒரு லைன் ஆஃப் கிரெடிட், எல்லாம் சேர்ந்து 46,000 டாலர் நிக்குது. பழைய வேலை போயிருச்சு, இப்ப வேர்ஹவுஸ்ல ஷிஃப்ட். வட்டிக்கே சம்பளம் பத்தல. இது போக ஊர்ல மாமன்கிட்ட 6 லட்சம் கைமாத்து. திவால் போட்டா பி.ஆர். (நிரந்தரமாத் தங்கற உரிமை) போயிருமுங்களா? ஊர்ல ஒரம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் தெரிஞ்சுருமா?

கோபி – ஸ்கார்பரோ:
தம்பி, பி.ஆர். எங்கயும் போகாது. திவால் போட்டதுக்காக அதைப் புடுங்கற சட்டம் இங்க இல்ல, சிட்டிசன்ஷிப்புக்கும் தடை இல்ல. வொர்க் பர்மிட்ல இருக்கறவங்க கூடப் போடலாம். 1,000 டாலராவது கடன் இருந்து, அதைக் கட்ட வழியில்லாம இருந்தாச் சரி. ஆனா திவால்ல இருந்து டிஸ்சார்ஜ் (சட்டப்படி விடுதலை) ஆகற வரைக்கும் அப்பா அம்மாவையோ கட்டிக்கப்போற பொண்ணையோ ஸ்பான்சர் பண்ண முடியாது. கல்யாணப் பேச்சு நடந்துட்டிருந்தா இதை மனசுல வெச்சுக்கங்க.

நான், திவால் கேஸை எடுத்து நடத்தற ஒரு டிரஸ்டி ஆபீஸ்ல தமிழ் ஆளுங்களுக்கு மொழிபெயர்க்க உக்கார்றவ. லைசன்ஸ் எனக்கு இல்ல, அதனால இதை ஒரு அக்கா சொன்னதா எடுத்துக்கிட்டு முடிவை டிரஸ்டிகிட்டப் பேசியே எடுங்க. லைசன்ஸ்டு இன்சால்வன்சி டிரஸ்டி மட்டும்தான் இங்க திவால் போட முடியும். வக்கீலும் முடியாது, 'கடன் கன்சல்டன்ட்'னு விளம்பரம் குடுக்கறவங்களும் முடியாது. அந்தக் கன்சல்டன்ட் உங்ககிட்ட ஒரு ஃபீஸ் வாங்கிட்டு, கடைசியில அதே டிரஸ்டிகிட்டத்தான் கொண்டுபோய் விடுவாரு. டிரஸ்டிங்க பேரெல்லாம் ஃபெடரல் அரசாங்கத்தோட சூப்பரின்டென்டென்ட் ஆஃப் பேங்க்ரப்ட்சி ஆபீஸ் வெப்சைட்ல இருக்குது. முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் காசு கேக்க மாட்டாங்க.

வழி ரெண்டு. ஒண்ணு நேரடித் திவால். முதல் தடவைன்னா, வருமானம் அரசாங்கம் வெச்ச அளவுக்குள்ள இருந்தா 9 மாசத்துல டிஸ்சார்ஜ். அளவைத் தாண்டினா 21 மாசம், தாண்டற தொகையில பாதி டிரஸ்டிக்குக் கட்டணும். மாசாமாசம் வரவு செலவுக் கணக்கு குடுக்கணும், ரெண்டு கவுன்சலிங் உக்காரணும், கார்டெல்லாம் ஒப்படைக்கணும். கிரெடிட் ரிப்போர்ட்ல டிஸ்சார்ஜுக்கு அப்புறமும் 6, 7 வருஷம் நிக்கும்.

இன்னொண்ணு கன்சூமர் புரபோசல். நம்ம பக்கம் மண்டிக்காரங்க கூடி உக்காந்து 'ரூபாய்க்கு முப்பது பைசா வாங்கிக்கங்க, முடிச்சுக்கலாம்'னு பேசுவாங்கல்ல, அதுக்கு இங்க சட்டமே இருக்குது. குடியிருக்கற வீட்டு மார்ட்கேஜ் போக 2,50,000 டாலர் வரைக்கும் கடன் உள்ளவங்க போடலாம், அதிகபட்சம் 5 வருஷம். மாசம் 300 டாலர் வீதம் 60 மாசம்னா 18,000. மிச்சம் தள்ளுபடி, வட்டியும் நின்னுரும். ஒத்துக்கறதா வேண்டாமான்னு சொல்லக் கடன்காரங்களுக்கு 45 நாள் டைம். கூட்டம் வேணும்னு கேட்டாங்கன்னா, தலைக்கு ஒரு ஓட்டுக் கிடையாது, கடன் தொகைப்படிதான் ஓட்டு. இதுல ஸ்பான்சர் தடையும் இல்ல. மூணு மாசத் தவணை நிலுவை விழுந்தா மட்டும் மொத்தமும் ரத்தாயிரும். ஷிஃப்ட் வேலை நிலையா இருந்தா, உங்களுக்கு இதுதான் தோதுன்னு எனக்குப் படுது.

எதைப் போட்டாலும் அன்னைக்கே வசூல்காரங்க ஃபோன் நிக்கணும், சம்பளப் பிடித்தமும் நிக்கணும்.

இப்ப மாமன் விஷயம். ஆபீஸ்ல நான் பார்த்த வரைக்கும் நம்மாளுங்க கார்டு கடனால சிக்கறது கம்மி, ஊர்க்கணக்குலதான் சிக்கறாங்க. 'பேங்க்காரனுக்கு நாமம் போட்டாலும் போடுவேன், மாமன் காசை வெச்சுக்க மாட்டேன்'னு, கார்டுல கேஷ் அட்வான்ஸ் எடுத்து ஊருக்கு அனுப்பிட்டு அப்புறம் டிரஸ்டிகிட்ட வருவாங்க. அந்த மானம் எனக்குப் புரியுது, ஆனா சட்டத்துக்குப் புரியாது. திவாலுக்கு முந்தின 12 மாசத்துல சொந்தக்காரங்களுக்கு மட்டும் கடனை அடைச்சிருந்தா, அதைச் செல்லாதுன்னு சொல்லித் திருப்பிக் கேக்க டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டு. வேத்தாளா இருந்தா இந்தக் கணக்கு 3 மாசம். அதனால இப்ப மாமனுக்கு ஒத்தப் பைசா அனுப்பாதீங்க.

மாமன் பேரும் கடன் பட்டியல்ல வரணும். அவருக்குக் கடுதாசியும் போகும். ஊருக்குத் தெரியுமான்னு கேட்டீங்கல்ல, இந்த வழியிலதான் தெரியும். உங்களை மாதிரி சின்ன கேஸுக்குப் பேப்பர்ல விளம்பரம் வராது, முதலாளிக்கும் சாதாரணமாச் சொல்ல மாட்டாங்க. அதனால கடுதாசி போறதுக்கு முன்னாடி நீங்களே மாமனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க. டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் நீங்களா விருப்பப்பட்டு அவருக்குத் திருப்பிக் குடுத்தா யாரும் கேக்க மாட்டாங்க. அந்த வார்த்தையை இப்பவே அவருக்குக் குடுக்கலாம்.

பெருந்துறை – பிராம்ப்டன்:
பட்டியல்ல சேத்தறேங்க. தோட்டம் பத்திக் கேக்கோணும். தாத்தா காலத்துக் காடு ரெண்டரை ஏக்கர், அப்பா பேர்ல பட்டா. அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா நம்மகிட்ட ஒண்ணுமில்லைனு ஆயிருமுங்களா?

கோபி – ஸ்கார்பரோ:
அய்யோ சாமி, அதை மட்டும் பண்ணிராதீங்க! சொத்து கனடாவுல இருந்தாலும் வெளிநாட்டுல இருந்தாலும் சொத்துன்னுதான் இங்கத்த சட்டம் சொல்லுது. சொந்தக்காரங்களுக்குக் காசு வாங்காமயோ அடிமாட்டு விலைக்கோ எழுதிக் குடுத்தா, ஒரு வருஷத்துக்குள்ளன்னா நேராவே தூக்கிருவாங்க. அந்த நேரத்துலயே நீங்க கடன்ல மூழ்கியிருந்தா 5 வருஷம் வரைக்கும் பின்னாடி போவாங்க. மறைச்சுப் பொய் சத்தியம் பண்ணினா அது கிரிமினல் குத்தம், ஜெயில் வரைக்கும் போகும்.

அப்பாவே சம்பாதிச்சு வாங்கின காடா இருந்தா, அவர் இருக்கற வரைக்கும் உங்களுக்கு அதுல பங்கு இல்ல. பூர்வீகச் சொத்துன்னா பிறப்பால பங்கு இருக்கலாம். பட்டா யார் பேர்ல இருக்குங்கறது மட்டும் இதைத் தீர்மானிக்காது. ஈரோட்டுலயோ கோபியிலயோ ஒரு சிவில் வக்கீல்கிட்ட மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டி எழுத்துல ஒரு கருத்து வாங்குங்க. தாத்தா எப்படி வாங்கினாரு, எப்படி அப்பா கைக்கு வந்துச்சுங்கறதைப் பொறுத்துத்தான் அவர் பதில் சொல்லுவாரு. அந்தக் காகிதத்தை டிரஸ்டிகிட்டக் குடுங்க. பங்கு இருக்குதுன்னா, காட்டை வித்தே ஆகணும்னு இல்ல. அதோட மதிப்பை ஈடுகட்டற மாதிரி புரபோசல் தொகையைக் கூட்டிப் பேசலாம்.

இன்னொண்ணு, இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. நேரடித் திவால் போட்டு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஊர்ல பெரியவங்க தவறிப்போயி சொத்து உங்களுக்கு இறங்குச்சுன்னா, அந்தப் பங்கு டிரஸ்டிக்குப் போயிரும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னா, சங்கடமா இருந்தாலும் முதல் சந்திப்புலயே சொல்லுங்க.

திருச்செங்கோடு – கிச்சனர்:
எனக்கும் ஒரு சந்தேகமுங்க. ஊர்ல அப்பாவைக் கூட்டுக் கடன்காரரா வெச்சு, வீட்டை அடமானம் குடுத்துக் கல்விக் கடன் எடுத்தோம். இங்க திவால் போட்டா அதுவும் தீந்துருமா?

கோபி – ஸ்கார்பரோ:
பட்டியல்ல வரும், ஆனா அப்பா தலையில இருந்து இறங்காது. உங்களுக்குக் கிடைக்கற விடுதலை கூட்டுக் கடன்காரருக்கும் ஜாமீன் போட்டவருக்கும் கிடையாது, இது இங்கத்த கடனுக்கும் பொருந்தும். கனடா உத்தரவைக் காட்டி ஊர் பேங்க்கை நிறுத்தவும் முடியாது. தவணை நின்னு கடன் வாராக்கடனாச்சுன்னா, கோர்ட்டுக்குப் போகாமயே அடமானச் சொத்தை எடுக்க பேங்க்குக்கு வழி விடற சர்ஃபாசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் விட்டு வீட்டை எடுக்க வருவாங்க. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, வீட்டுக்குப் பொருந்தும். ஆக உங்க கணக்குல இங்கத்த கடனைத் தீர்த்துட்டு, கையில மிஞ்சறதை வெச்சு ஊர்த் தவணையை எப்படி ஓட்டறதுன்னு டிரஸ்டிகிட்டக் கேட்டுட்டுத்தான் நகரணும்.

ஊர்ல ஐ.பி. (திவால் மனு) போடறது வேற சங்கதி. தனியாளுங்களுக்கு இன்னும் 1920-ம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான் ஓடுது. 2016-ல வந்த புதுச் சட்டத்துல தனியாளுங்க பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கு.

பெருந்துறைத் தம்பி, டிரஸ்டிகிட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. கடன் இருக்கற பேங்க்லயே உங்க சம்பளம் விழுந்தா, அவங்க பாக்கிக்கு அதை எடுத்துக்குவாங்க. கடனே இல்லாத வேற பேங்க்ல கணக்குத் திறந்து, சம்பளத்தை அங்க மாத்திருங்க. போறப்ப ஊருக்குப் பணம் அனுப்பின ரசீது ஒரு வருஷத்துக்கு, கார்டு ஸ்டேட்மென்ட், டாக்ஸ் பேப்பர், சம்பளச் சீட்டு எல்லாம் எடுத்துக்கங்க. ஊர்ல ஏலச்சீட்டு ஏதாச்சும் ஓடிட்டிருந்தா அந்தப் பாஸ்புக்கும் வேணும்.